நெகடிவ் கெடுவதற்கு முன்

பீரோவின் அடித்தட்டில், கலர் லேப் கொடுத்த காகித உறைக்குள்ளேயே பல வருடமாகக் கிடக்கும் நெகடிவ் துண்டுகளுக்கு ஓர் ஆயுள் உண்டு. நம் ஊர் வெயிலில் அது பலரும் நினைப்பதைவிடக் குறைவு. 35 மி.மீ. பிலிமோ அகலமான 120 ரோலோ, படத்தைத் தாங்கும் அடித்தாள் செல்லுலோஸ் ட்ரைஅசிடேட் என்ற பிளாஸ்டிக்தான். வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்தால் அது மெல்லச் சிதைந்து அசிட்டிக் அமிலத்தை வெளியிடும். உறையைத் திறந்ததும் வினிகர் போலப் புளித்த நெடி மூக்கில் ஏறினால் காரணம் இந்த அமிலம். வெளியான அமிலமே அடுத்த சிதைவைத் தூண்டுவதால், தொடங்கிய வேலை நிற்காது. காற்றோட்டமில்லாத தகர டப்பாவுக்குள் வேகம் இன்னும் கூடும். பிலிம் சுருங்கும், நெளியும், கடைசியில் மேலே உள்ள ஜெலட்டின் படலம் கழன்று வரும்.

எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் பிலிமுக்கு மாற்றாக 1948இல் ட்ரைஅசிடேட் பிலிம் வந்தது. 'பாதுகாப்பு பிலிம்' என்றே அதற்குப் பெயர். பத்தாண்டுகளுக்குள் அது சிதைகிறது என்ற முதல் புகார் கோடாக் நிறுவனத்துக்குப் போனது. அனுப்பியது இந்திய அரசு. சூடும் ஈரமும் நிறைந்த இடத்தில் வைத்திருந்த பிலிம்கள் அவை. அமெரிக்காவின் ராசெஸ்டர் நகரில் உள்ள 'இமேஜ் பெர்மனன்ஸ் இன்ஸ்டிட்யூட்' பின்னர் செய்த ஆய்வின்படி, 21 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலும் 50 சதவீத ஈரப்பதத்திலும் வைத்த புதிய பிலிமில் இந்தச் சிதைவு தலைகாட்டச் சுமார் 40 ஆண்டுகள் ஆகும். வெப்பம் ஏற ஏற இந்தக் காலம் வேகமாகச் சுருங்கும். சென்னையில் ஏ.சி. இல்லாத ஓர் அறையில் ஆண்டு முழுவதும் எத்தனை நாள் 21 டிகிரி இருக்கும் என்று யோசித்தால் மீதிக் கணக்கு புரிந்துவிடும்.

ஆகவே நெகடிவ்களைக் கணினியில் ஏற்றுவதைத் தள்ளிப்போடக் கூடாது. எந்தக் கருவி, எவ்வளவு செலவு என்பதில்தான் நிதானம் வேண்டும். கடைக்காரர்களும் விளம்பரங்களும் நம் முன் நீட்டுவது ஓர் எண்: இத்தனை டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளி), இத்தனை மெகாபிக்சல். அந்த எண்ணுக்குப் பணம் கொடுப்பது வீண். நெகடிவை ஊடுருவி வரும் வெளிச்சம் எப்படிப்பட்டது, பிலிம் தட்டையாக நிற்கிறதா, லென்ஸ் தரமானதா: காசு இந்த மூன்றுக்கும் போக வேண்டும்.

முதலில், நெகடிவுக்குள் எவ்வளவு விவரம் இருக்கிறது? அது எடுத்த கேமராவைப் பொறுத்தது. 1960, 70களின் வீட்டுப் படங்கள் பலவும் ஆக்ஃபா கிளிக் 3 போன்ற எளிய பெட்டிக் கேமராக்களில் 120 ரோலில் எடுத்தவை. ஒரு ரோலுக்கு 12 சதுரப் படங்கள். ஊட்டியில் 1960இல் மத்திய அரசு தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் 'இந்து' கறுப்பு வெள்ளை ரோல்கள் தமிழ்நாட்டு ஸ்டுடியோக்களில் சாதாரணமாகப் புழங்கின. பிறகு வந்தது 35 மி.மீ. கலர் காலம். யாஷிகா எம்எஃப்-2, அதன்பின் கோடாக் கேபி-10 என்று ஃபோகஸ் மாற்ற முடியாத கேமராக்கள் வீடுவீடாக வந்தன. கேபி-10இன் சின்ன லென்ஸ் வழியே பதிந்த பிறந்தநாள் படத்தில், எந்த விலையுயர்ந்த ஸ்கேனர் வந்தாலும் தோண்டி எடுக்கப் புதிதாக ஒன்றும் இருக்காது. நல்ல எஸ்எல்ஆர் கேமராவில், நல்ல லென்ஸில், டிரைபாட் மேல் வைத்து எடுத்த நெகடிவ் மட்டும்தான் மிக நுணுக்கமாகப் படிக்கத் தகுந்தது.

35 மி.மீ. பிலிமில் ஒரு படத்தின் அளவு 36 × 24 மி.மீ., அதாவது நீளவாக்கில் ஏறக்குறைய 1.42 அங்குலம். உண்மையாகவே 2400 டிபிஐ கொடுக்கும் கருவி அதை 3400 × 2270 பிக்சலாக, சுமார் 7.7 மெகாபிக்சல் படமாகத் தரும். 4000 டிபிஐ என்றால் 21 மெகாபிக்சல். 'மேக்ஸி சைஸ்' என்று லேபில் சொல்லும் 4 × 6 அங்குல பிரிண்டுக்கு 1800 × 1200 பிக்சல் போதும். குடும்பப் படங்களுக்கு 2400, அருமையான சில படங்களுக்கு 4000. இதற்கு மேல் கேட்க வேண்டியதில்லை என்பது என் கருத்து.

'உண்மையாகவே' என்று சொன்னதில்தான் விஷயம் இருக்கிறது. எப்சன் வி600 போன்ற தட்டை ஸ்கேனரின் பெட்டியில் 6400 டிபிஐ என்று போட்டிருக்கும். அதன் உணரி (சென்சார்) அத்தனை புள்ளிகளை எடுப்பது நிஜம். ஆனால் லென்ஸும் கண்ணாடியும் அத்தனை நுணுக்கத்தைக் கொண்டு வந்து சேர்ப்பதில்லை. மெல்லிய கோடுகள் அச்சிட்ட சோதனைத் தகட்டை வைத்து அளந்தவர்களுக்குக் கிடைத்தது 1500, 1600 டிபிஐ அளவுதான். பிளஸ்டெக் ஆப்டிக்பிலிம் போன்ற, 35 மி.மீ. பிலிமுக்கென்றே செய்த ஸ்கேனரில் 7200 என்று இருந்தால் அதில் பாதிக்குக் கிட்ட எதிர்பார்க்கலாம். அது தாராளம்.

இதை வைத்துக் கருவிகளை எடைபோடலாம். இணையக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும், சின்னத் திரையோடு கூடிய பெட்டி வடிவ 'பிலிம் ஸ்கேனர்' உண்மையில் ஸ்கேனரே அல்ல. உள்ளே ஒரு சிறு எல்இடி விளக்கு, ஒரு பிளாஸ்டிக் லென்ஸ், வெப்கேம் ரக உணரி. 14 மெகாபிக்சலை 22 என்று ஊதிக் காட்டும், ஜேபெக் மட்டுமே தரும், வெளிச்சத்தைத் தானே முடிவு செய்யும். முகத்தில் விழுந்த வெயில் வெள்ளைத் திட்டாகிவிட்டால் அதைப் பிறகு மீட்க வழியில்லை. கைபேசியிலேயே இதைவிட நல்ல கேமரா இருக்கும்போது இதற்குச் செலவழிக்க வேண்டாம்.

தட்டை ஸ்கேனரை அப்படி ஒதுக்க மாட்டேன். 35 மி.மீ. பிலிமில் 1500 டிபிஐ வெறும் 3 மெகாபிக்சல்தான். மேக்ஸி பிரிண்டுக்கு மேல் பெரிதாக்கினால் தாங்காது. ஆனால் 120 ரோலில் ஒரு படம் 56 மி.மீ. சதுரம். அதே 1500 டிபிஐ அங்கே 3300 × 3300, ஏறக்குறைய 11 மெகாபிக்சல் தரும். வீட்டில் பழைய 120 நெகடிவ்களும், நெகடிவ் தொலைந்துபோன பிரிண்டுகளும் நிறைய இருந்தால் தட்டை ஸ்கேனர் இரண்டு வேலையையும் பார்க்கும். வாங்கும்போது மூடியில் பிலிமுக்கான விளக்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆவணம் ஸ்கேன் செய்யும் சாதாரண ஸ்கேனரில் ஒளி கீழிருந்து போய் மோதித் திரும்பும். நெகடிவுக்கு ஒளி ஊடுருவி வர வேண்டும். அந்த ஸ்கேனரில் வைத்தால் கருந்திட்டுதான் மிஞ்சும்.

ஸ்கேனர்களுக்கு இன்னொரு பலம் உண்டு. பலவற்றில் சாதாரண ஒளியோடு அகச்சிவப்பு ஒளியாலும் ஒருமுறை படிப்பார்கள். கலர் நெகடிவில் உள்ள சாயங்கள் அகச்சிவப்புக்குக் கண்ணாடி மாதிரி. அது தடையில்லாமல் கடந்துவிடும். தூசியும் கீறலும் தடுக்கும். ஆக அகச்சிவப்புப் படத்தில் தெரிவது அழுக்கின் வரைபடம் மட்டுமே. மென்பொருள் அதை வைத்து அந்த இடங்களை ஒட்டுப்போட்டுவிடும். கறுப்பு வெள்ளையில் இந்த வித்தை பலிக்காது. அங்கே படமே வெள்ளித் துகள்களால் ஆனது, வெள்ளி அகச்சிவப்பைத் தடுக்கும், மென்பொருள் முகத்தையே அழுக்கு என்று எடுத்துக்கொள்ளும். பழைய கறுப்பு வெள்ளை நெகடிவை ஸ்கேன் செய்யும்போது அந்த வசதியை அணைத்துவிடுங்கள்.

நான் பரிந்துரைப்பது கேமராவால் படமெடுக்கும் முறையை. வீட்டிலோ உறவிலோ யாரிடமாவது சும்மா கிடக்கும் டிஎஸ்எல்ஆர் போதும். பழையதாக வாங்கினாலும் 18 அல்லது 24 மெகாபிக்சல் கேமரா இன்று பெரிய விலை இல்லை. நெகடிவைப் பின்னால் வெளிச்சத்தோடு வைத்து நேர் எதிரே நெருங்கி எடுக்க வேண்டும். 24 மெகாபிக்சலில் படம் முழுச் சட்டத்தையும் நிரப்பினால் 36 மி.மீ.க்கு 6000 பிக்சல், அதாவது 4200 டிபிஐக்குச் சமம். ஒரு படத்துக்கு ஸ்கேனரில் சில நிமிடம் ஆகிற இடத்தில் இங்கே சில நொடி. ஒரு ரோல் முழுவதையும் ஒரே உட்காரலில் முடித்துவிடலாம்.

நெருங்கி எடுக்க மேக்ரோ லென்ஸ் வேண்டும்; அது விலை. மாற்று வழி எக்ஸ்டென்ஷன் ட்யூப் எனப்படும் வெற்று வளையங்கள். உள்ளே கண்ணாடி எதுவும் கிடையாது; லென்ஸை உணரியிலிருந்து தள்ளி வைப்பது மட்டுமே அவற்றின் வேலை. வளையத்தின் நீளத்தை லென்ஸின் குவியத்தூரத்தால் வகுத்தால் எத்தனை மடங்கு பெரிதாகும் என்று தெரியும். சிறிய உணரி கொண்ட சாதாரண டிஎஸ்எல்ஆரில் 36 மி.மீ. நெகடிவை முழுதாக அடக்க 0.65 மடங்கு தேவை. 50 மி.மீ. லென்ஸுக்கு 12, 20 மி.மீ. வளையங்கள் இரண்டைச் சேர்த்தால் 32 வரும். 32ஐ 50ஆல் வகுத்தால் 0.64. பொருந்திவிட்டது. மின் இணைப்பு இல்லாத மலிவு வளையங்களை வாங்கினால் கேமராவிலிருந்து லென்ஸின் துளையைக் கட்டுப்படுத்த முடியாது என்பதைக் கவனிக்க வேண்டும்.

இதைவிட நல்லது ஒன்று, பழைய ஸ்டுடியோக்களில் தூசி படிந்து கிடக்கிறது: டார்க் ரூம் என்லார்ஜரின் 50 மி.மீ. லென்ஸ். தட்டையான நெகடிவைத் தட்டையான தாளில் ஓரம்வரை கூர்மையாக விழவைப்பதற்கென்றே வடிவமைத்தது. துளையைத் திருப்பிச் சரிசெய்யும் வளையம் அதிலேயே உண்டு. பெரும்பாலும் 39 மி.மீ. மரையில் திருகப்பட்டிருக்கும், அதைக் கேமராவோடு இணைக்கும் அடாப்டர் கிடைக்கிறது. என்லார்ஜரின் நெகடிவ் கேரியரையும் சேர்த்துக் கேட்டு வாங்கிக்கொண்டால் பிலிமைத் தட்டையாகப் பிடிக்கும் சிக்கலும் தீர்ந்தது.

பிலிமை நேரடியாகக் கண்ணாடிக்கு அடியில் அழுத்தி வைக்கக் கூடாது. பிலிமின் பளபளப்பான பக்கம் கண்ணாடியைத் தொடும் இடத்தில், இரண்டுக்கும் நடுவே மயிரிழைக்கும் குறைவான காற்றிடைவெளி உண்டாகி, ஒளியலைகள் ஒன்றோடொன்று குறுக்கிட்டு வண்ண வளையங்களை வரையும். நியூட்டன் வளையங்கள் என்று பெயர். மழைநாளில் சாலையில் சிந்திய எண்ணெயின் வானவில் நிறமும் இதே இயற்பியல்தான்.

வெளிச்சத்துக்கு, ஓவியர்கள் பயன்படுத்தும் எல்இடி டிரேசிங் பலகையோ வீடியோ விளக்கோ எடுத்துக்கொள்ளலாம். நிறத் துல்லியத்தைக் குறிக்கும் சிஆர்ஐ மதிப்பு 95க்கு மேல் இருப்பது நல்லது. கைபேசி, டேப்லெட் திரையை வெள்ளையாக்கி வைப்பவர்கள் உண்டு. அப்படியானால் நெகடிவைத் திரையிலிருந்து சில சென்டிமீட்டர் தூக்கி, நடுவே பால் நிற அக்ரிலிக் துண்டு ஒன்றை வைக்க வேண்டும். இல்லாவிட்டால் திரையின் பிக்சல் கட்டங்கள் படத்தில் வலைபோல் விழும். நெகடிவைச் சுற்றியுள்ள வெளிச்சப் பரப்பு முழுவதையும் கறுப்புச் சார்ட் தாளால் மூடி, அறை விளக்கையும் அணைத்துவிடுங்கள். ஓரத்திலிருந்து கசியும் ஒளி லென்ஸுக்குள் நுழைந்தால் கறுப்பெல்லாம் சாம்பலாகும்.

கேமராவும் பிலிமும் இணையாக இருப்பதைச் சரிபார்க்க ஒரு முகம்பார்க்கும் கண்ணாடி போதும். பிலிம் இருக்கும் இடத்தில் சிறு கண்ணாடியைக் கிடத்தி, கேமரா வழியே பாருங்கள். லென்ஸின் பிம்பம் சட்டத்தின் நட்டநடுவில் தெரிந்தால் இரண்டும் இணை; விலகியிருந்தால் டிரைபாடைத் திருத்த வேண்டும். பிலிமின் மங்கலான பக்கம் லென்ஸைப் பார்க்கட்டும். இடவலம் மாறிவரும் படத்தைக் கணினியில் திருப்பிக்கொள்ளலாம். ஐஎஸ்ஓ 100, துளை எஃப்/8, 2 விநாடி டைமர், கேமரா பதப்படுத்தாமல் தரும் 'ரா' கோப்பு. எஃப்/16க்கு மூடினால் இன்னும் கூர்மை வரும் என்று நினைத்துவிட வேண்டாம். நெருங்கி எடுக்கும்போது எஃப்/8 என்பதே நடைமுறையில் எஃப்/13 போல் வேலை செய்யும்; அதற்கும் கீழே ஒளி துளையின் விளிம்பில் சிதறி, கூர்மையை மழுக்கிவிடும்.

கையில் இருப்பது நாலைந்து துண்டு நெகடிவ் மட்டும் என்றால் கைபேசியே போதும். அதே ஒளிப்பலகை, அதே கறுப்புத் தாள், கைபேசியைத் தாங்க இரண்டு புத்தக அடுக்கு. பல கைபேசிகளின் 'மேக்ரோ' கேமரா 2 மெகாபிக்சல்தான். அதை விட்டு முதன்மைக் கேமராவில் இரண்டு மடங்கு நெருக்கி எடுப்பது மேல்.

படம் எடுத்தாகிவிட்டது. கறுப்பு வெள்ளை என்றால் நிறத்தை நீக்கி, தலைகீழாக்கி, மாறுபாட்டைக் கூட்டினால் வேலை முடிந்தது. கலர் நெகடிவைத் தலைகீழாக்கினால் எல்லார் முகமும் நீலம் பூத்து நிற்கும். பலர் இந்த இடத்தில் மனம் தளர்ந்து விட்டுவிடுகிறார்கள். காரணம் பிலிமின் ஆரஞ்சு நிறம். இது பழசானதால் வந்த கறை இல்லை, வேண்டுமென்றே வைத்தது.

கலர் நெகடிவில் மூன்று சாய அடுக்குகள் உண்டு. மெஜந்தா சாயம் பச்சை ஒளியை மட்டும் தடுக்க வேண்டும். ஆனால் கொஞ்சம் நீலத்தையும் தின்றுவிடும். சயான் சாயம் சிவப்பை மட்டும் தடுக்க வேண்டும். கொஞ்சம் பச்சையையும் நீலத்தையும் சேர்த்துத் தடுக்கும். இந்தக் கசிவால் நிறங்கள் அழுக்காகும். 1940களில் கோடாக்கின் வேதியியலாளர் வெஸ்லி ஹான்சன் ஓர் அழகான வழி கண்டார். மெஜந்தா சாயத்தை உண்டாக்கும் மூலப்பொருளையே மஞ்சள் நிறமாக்கினார். பிலிம் கழுவும்போது எங்கே மெஜந்தா உருவாகிறதோ அங்கே அந்த மஞ்சள் அதே அளவு அழியும். சாயம் உள்ள இடத்தில் சாயத்தின் கசிவு, சாயம் இல்லாத இடத்தில் எஞ்சிய மஞ்சள்: இரண்டும் சேர்ந்து பிலிம் முழுவதும் நீலத் தடையை ஒரே சீராக்கிவிடும். சயான் அடுக்கிலும் இப்படியே, அங்கே மூலப்பொருள் சிவந்த நிறம். மஞ்சளும் சிவப்பும் சேர்ந்துதான் நாம் பார்க்கும் ஆரஞ்சு.

சீரானதை வகுத்து நீக்கிவிடலாம். படங்களுக்கு நடுவே உள்ள, ஒளிபடாத வெற்றுப் பட்டையில் ஆரஞ்சு மட்டும் இருக்கும். படமெடுக்கும்போது அந்தப் பட்டையும் கொஞ்சம் சட்டத்துக்குள் விழட்டும். மென்பொருளில் அதைத் தொட்டுக் காட்டினால், சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியே அதனால் வகுத்த பிறகு தலைகீழாக்கும். டார்க்டேபிள் என்ற இலவச மென்பொருளின் 'நெகடாக்டர்' கருவி இதைத்தான் செய்கிறது. இன்னொரு இலவச மென்பொருளான ராதெரபியிலும் நெகடிவுக்கென ஒரு பகுதி உண்டு. முதலில் படம் சோகையாகத் தெரியும்; மாறுபாட்டைக் கூட்டும் வேலையை அன்று பிரிண்ட் தாள் செய்தது, இன்று நாம் செய்ய வேண்டும். ஒரு ரோலில் ஒரு படத்துக்குச் சரிசெய்த அளவுகளை மற்றப் படங்களுக்கும் ஒட்டிவிடலாம். ஆரஞ்சு திரை நீல ஒளியில் பத்தில் ஒரு பங்கு போலத்தான் உள்ளே விடும். அதனால் வெளிச்சம் குறைவாக எடுத்த கோப்பில் நீலம் இரைச்சலாகிவிடும். சற்றே தாராளமாக ஒளி கொடுத்து எடுங்கள்.

கேமரா முறையின் ஒரே பெரிய குறை தூசி. அகச்சிவப்பு உதவி இங்கே இல்லை. ஊதுவதற்கு ரப்பர் பல்ப், மென்மையான தூரிகை, பருத்திக் கையுறை. மின்விசிறியை நிறுத்திவிட்டு உட்கார வேண்டும். வாயால் ஊதாதீர்கள், எச்சில் துளி ஜெலட்டினில் தங்கும். வெள்ளை நூல்போலப் பூஞ்சை படர்ந்திருந்தால் தண்ணீர் கூடவே கூடாது. பூஞ்சை தின்ற ஜெலட்டின் நீரில் கரையக்கூடியதாக மாறியிருக்கும்; கழுவினால் படமே வழிந்துவிடும். உலர்ந்த தூரிகையால் மெல்லத் துடைத்து, மீதியைக் கணினியில் சரிசெய்வதே பத்திரம்.

என் தீர்ப்பு இது. சில துண்டுகள் என்றால் கைபேசியும் ஒளிப்பலகையும். 120 ரோலும் பிரிண்டும் அதிகம் என்றால் தட்டை ஸ்கேனர். 35 மி.மீ. ரோல்கள் பெட்டி நிறைய இருந்தால் பழைய டிஎஸ்எல்ஆர், எக்ஸ்டென்ஷன் ட்யூப் அல்லது என்லார்ஜர் லென்ஸ், நல்ல விளக்கு. கேமரா வேலையே வேண்டாம், பொறுமை இருக்கிறது என்பவர்களுக்குப் பிளஸ்டெக் வகை ஸ்கேனர். எதில் செய்தாலும் வினிகர் நெடி வருகிற உறையை முதலில் எடுங்கள், அதை மற்றவற்றிலிருந்து தனியே வையுங்கள். கோப்புகளை இரண்டு இடங்களிலாவது சேமியுங்கள்; யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்பதைக் கோப்பின் பெயரிலேயே எழுதிவிடுங்கள்.

பிரதி எடுத்தாயிற்று என்று நெகடிவைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். பிவிசி உறையை நீக்கி, அமிலமில்லாத காகித உறையில் போட்டு, சமையலறையிலிருந்தும் மொட்டைமாடிச் சூட்டிலிருந்தும் தள்ளி வையுங்கள். ஹார்டு டிஸ்க் ஒருநாள் சொல்லாமல் நின்றுபோகும். அன்றைக்கு மறுபடியும் படமெடுக்கக் கையில் மூலம் இருக்க வேண்டும்.